பிராசஸர் புதுசா, பழசா? வாசகர் கேள்வி பதில்

வாளையாற்றிலிருந்து களியக்காவிளை வரை, கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: கேம் விளையாடக் கணினி கட்டுகிறேன், புதுத் தலைமுறை பிராசஸர் எடுப்பதா, முந்தியதிலேயே நிற்பதா? பதில்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. விலைத் தொகை எதையும் எழுதவில்லை. இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் ரேம் விலை இரண்டு தடவை மாறிவிடுகிறது.

கேள்வி: அண்ணன் 2019 கடைசியில் கட்டிய கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. ரைசன் 5 2600, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வாலரண்டில் சண்டை சூடுபிடிக்கும்போது படம் இழுக்கிறது. கடையில் "எல்லாமே பழசு, ஏஎம்5-க்கு மாறிவிடுங்கள்" என்கிறார்கள். மாறத்தான் வேண்டுமா?
— கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டியதில்லை. ஏஎம்5 என்பது ஏஎம்டியின் புதிய சாக்கெட், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்; உங்களுடையது அதற்கு முந்திய ஏஎம்4. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் காசில்லாத மூன்று சோதனைகள் இருக்கின்றன.

விண்டோஸில் டிஸ்பிளே அமைப்புக்குள் போய், மானிட்டர் உண்மையிலேயே 144 ஹெர்ட்ஸில் ஓடுகிறதா என்று பாருங்கள். புது மானிட்டரை மாட்டிவிட்டு 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அடுத்து, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ரேமின் வேகம். 3200 என்று வாங்கிய ரேம் 2133 அல்லது 2400 காட்டினால், பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் போர்டின் அமைப்பு மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பு அணைந்து கிடக்கிறது என்று பொருள். ரைசனில் உள்ளிணைப்பின் வேகமும் ரேம் வேகத்தோடு கட்டுண்டது; அதனால் இன்டெலைவிட இங்கே இழப்பு கூடுதல். 2600-இல் 3200 நிலையாக ஓடாவிட்டால் 2933 வையுங்கள், அதிகாரபூர்வமாக அது தாங்கும் வேகம் அதுதான். இரண்டு ரேமும் பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றும் இரண்டுமாக அடுத்தடுத்துச் செருகியிருந்தால் இரட்டைச் சேனல் கிடைக்காது, பாதி அகலச் சாலையில் ஓட்டுவது மாதிரி.

மூன்றாவதுதான் தீர்ப்புச் சொல்லும் சோதனை. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கி, அதே வரைபடத்தில் பத்து நிமிடம் ஆடுங்கள். எஃப்பிஎஸ் (ஒரு செகண்டில் வரும் படங்களின் எண்ணிக்கை) நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சுவாங்குகிறது. ஏறாமல் அங்கேயே நின்றால் குற்றவாளி பிராசஸர். கார்டின் உழைப்பைக் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அதன் கிராஃபையும் பாருங்கள். கார்டின் உபயோகம் 95-க்கு மேல் இருந்தால் கார்டு எல்லை. 60, 70 என்று கிடந்தால் பிராசஸர் எல்லை. மொத்தப் பிராசஸர் உபயோகம் 45 சதவீதம்தானே என்று ஏமாறாதீர்கள். பன்னிரண்டு த்ரெட்டில் (பிராசஸரின் வேலை வரிசைகள்) ஒன்றிரண்டு மட்டும் முழுசாக உழைத்து மற்றவை சும்மா இருந்தாலும் சராசரி அப்படித்தான் காட்டும்.

144 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 6.9 மில்லிசெகண்ட். அதற்குள் எதிரிகள், குண்டு, புகை எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கார்டிடம் கொடுக்க 2600 திணறுகிறது. உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிக்கு 720பி சோதனையிலும் இதுதான் தெரியவரும் என்று நினைக்கிறோம்.

அப்படியானால் அதே போர்டில் ரைசன் 5 5600 போடுங்கள். 2600-க்கும் அதற்கும் நடுவில் இரண்டு தலைமுறை மாற்றம்: ஒரே கடிகார வேகத்தில் ரைசனின் ஜென் 2 வடிவமைப்பு சுமார் 15 சதவீதம், அதன்மேல் ஜென் 3 சுமார் 19 சதவீதம் கூடுதல் வேலை செய்யும் என்பது ஏஎம்டி சொன்ன கணக்கு. கடிகார வேகமும் கூடுகிறது. போர்டு, ரேம், பெட்டி, கூலர் எதுவும் மாறாது. 5500 இன்னும் மலிவாகக் கிடைக்கும். பெயரில் நூறுதான் வித்தியாசம், உள்ளே வேறு சில். 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி, 5500-இல் 16. கேஷ் என்பது சமையல்கட்டில் அஞ்சறைப்பெட்டி. கடுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தாளிப்பு கருகாது; ஒவ்வொரு தடவையும் உக்கிராண அறைக்கு ஓடினால் எண்ணெய் புகைந்துவிடும். கேமுக்கு அது மிக முக்கியம். 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி இரண்டிலும் இந்தப் பெட்டி 96 எம்பி. நம்பகமான கையிலிருந்து கிடைத்தால் நல்லதுதான், ஆனால் 1660 சூப்பருக்கு அது அதிகம். கூலரும் தனியாக வாங்க வேண்டும்.

மாற்றும் முறையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதை மாட்டிய பிறகு திரையே வராது, அப்புறம் எங்கே போய்ப் புதுப்பிப்பது? போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் போர்டின் முழுப் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் வைத்துத் தேடி, 5600 எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று பட்டியலில் பாருங்கள். இடைப்பதிப்பு ஒன்றை முதலில் ஏற்றச் சொல்லியிருந்தால் தாண்டிக் குதிக்காதீர்கள். கோப்பை ஃபேட்32 முறையில் ஃபார்மாட் செய்த பென் டிரைவில் போட்டு, யுபிஎஸ்-இல் மாட்டிய நிலையில் பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். மழை இடியாக இருக்கிற சாயங்காலத்தில் இந்த வேலை வேண்டாம்.

அதற்கு முன் இன்னொன்று. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியின் 48 இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிராசஸர் மாறியதும் "புதிய பிராசஸர், எஃப்டிபிஎம்-ஐ அழிக்கட்டுமா" என்று பயாஸ் கேட்கும். எஃப்டிபிஎம் என்பது பிராசஸருக்குள் சாவியை வைத்திருக்கும் இடம். ஒய் அழுத்தினால் பழைய சாவி போய்விடும். தாள் இல்லாதவருக்கு டிஸ்க்கும் இல்லை.

கழற்றும்போது: கணினியைப் பத்து நிமிடம் கேமில் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கம்பியைப் பிடுங்கிய பிறகு கூலரின் நான்கு ஸ்குரூவையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலரை நேராக மேலே இழுக்கக் கூடாது. ஜாடி மூடியைத் திறப்பதுபோல் இடவலமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்டது கையில் தெரிந்த பிறகே தூக்க வேண்டும். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. காய்ந்துபோன பேஸ்ட், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே பிராசஸரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கூலரின் அடியில் பிராசஸர் தொங்கினால் பதற வேண்டாம், ஊசிகளைத் தொடாமல் பக்கவாட்டில் திருகிப் பிரியுங்கள். ஓரிரு ஊசி சாய்ந்திருந்தால் ஈயக்குச்சி எடுத்த 0.5 மைக்ரோடிப் பென்சிலின் மூக்கை ஊசியில் கோத்து மெதுவாக நிமிர்த்தலாம். புதியதை வைக்கும்போது தங்கமுக்கோணம் முக்கோணத்தோடு சேர வேண்டும், தானாக விழ வேண்டும், அமுக்கவே கூடாது. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு.

மாற்றி முடித்துப் படம் சரளமாக ஓடிய பிறகு, கார்டின் உபயோகம் 99-ஐத் தொட்டால் அடுத்த செலவு கார்டுக்கு. அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் டிடிஆர்4 ரேம் 16 ஜிபி இருக்கிறது. ஏஎம்5 போர்டில் போட முடியுமா?
— மீனாட்சிபுரம் வாசகர்

பதில்: முடியாது. இரண்டிலும் 288 தொடுமுனைகள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில். பலவந்தமாக அழுத்தினால் போர்டின் செருகிதான் உடையும். அந்த ரேம் உங்கள் கையில் இருப்பதே பழைய தலைமுறைக்குச் சாதகமான வலுவான வாதம்: ரைசன் 5 5600, அல்லது டிடிஆர்4 வகை போர்டோடு ஐ5-12400எஃப்.

கேள்வி: எல்லாமே புதிதாக வாங்கப் போகிறேன். ஐ5-12400எஃப், டிடிஆர்4 ஒரு பக்கம். ரைசன் 5 7500எஃப், டிடிஆர்5 இன்னொரு பக்கம். கார்டு இன்டெல் ஆர்க் பி580 என்று நினைத்திருக்கிறேன். எங்கள் வீடு எஸ்டேட் லயத்தில், மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். எதை எடுக்கலாம்?
— கல்லூரி மாணவி, வண்டிப்பெரியாறு

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பிராசஸர் வாங்கும்போது நினைவில் இருக்க வேண்டிய கணக்கு. பிராசஸரின் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, பிராசஸர், போர்டு, ரேம் மூன்றையும் கூட்டி எழுதுங்கள். அந்த இரு தொகைகளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் கேள்வியே.

2025-இன் பிற்பகுதி வரை இந்தக் கணக்கு லேசாக ஏஎம்5 பக்கம் சாய்ந்தது. அதன்பின் செயற்கை நுண்ணறிவுக் கிடங்குகள் மெமரி சில்களை அள்ளிக்கொண்டதில் டிடிஆர்5 விலை எகிறியது. டிடிஆர்4-உம் ஏறியது. ஆகவே பழைய பட்டியலை நம்பாமல், வாங்கும் வாரத்து விலையை எழுதுங்கள்.

எங்கள் கருத்து: அந்த வித்தியாசம் உங்கள் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி கீழே இறக்கும் அளவுக்கு இருந்தால் 12400எஃப் எடுங்கள். 1080பி-யில் பெரிய கதை விளையாட்டுகளுக்குக் கார்டுதான் ராஜா. கார்டைத் தொடாமலே சமாளிக்க முடிந்தால் 7500எஃப். காரணம் வேகம் மட்டுமல்ல. 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்த கதை. ஏஎம்5-க்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறை மாணவர் இன்று அனுபவிக்கிற வசதி, ஐந்து வருடம் கழித்து உங்களுக்கும் கிடைக்க வாய்ப்புண்டு.

ஆனால் நீங்கள் பி580 என்று எழுதியிருப்பதால் தராசு மாறுகிறது. அந்தக் கார்டின் டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்கும். 5600, 12400 மாதிரி நடுத்தர பிராசஸரில் சில விளையாட்டுகளில் அது தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை என்பது 2025 தொடக்கத்திலேயே வெளிவந்தது. பின்னர் வந்த டிரைவர்கள் சில விளையாட்டுகளில் இதைக் குறைத்தன. கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் பயாஸில் இயங்காவிட்டால் இன்னும் மோசம். ஆகவே பி580 உறுதி என்றால் 7500எஃப். 12400எஃப் தான் என்றால் ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 வகையில் பாருங்கள்.

இரண்டிலும் எஃப் எழுத்து இருக்கிறது. உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு வரும்வரை திரை வராது என்று அர்த்தம். "கார்டு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்" என்று திட்டமிருந்தால் 7600 எடுங்கள், அதில் பெயருக்கு ஒரு கிராபிக்ஸ் உண்டு. கல்லூரிப் பாடம் ஓடும். கேமை எதிர்பார்க்க வேண்டாம். 7500எஃப் பெட்டியில்லாமல் தட்டுச் சரக்காகவும் விற்கப்படுகிறது. கூலர் கூட வருகிறதா, வாரண்டி யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஏஎம்5-ஐ முதல்முதலாக இயக்கும்போது திரை கறுப்பாக, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டு பல நிமிடம் நிற்கும். போர்டு ரேமைப் பழகிக்கொள்கிறது. எக்ஸ்போ (ஏஎம்டி பக்கத்து எக்ஸ்எம்பி) போட்ட பிறகு மறுபடியும் அப்படி நிற்கலாம். கறுப்புத் திரையைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள், பிறகு "போர்டு செத்து வந்திருக்கிறது" என்று கடைக்கு எடுத்துப் போகிறார்கள். ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வாருங்கள். ரேம் 6000 வேகத்தில் இரண்டு குச்சிகள் போதும். நான்கு போட்டால் வேகம் இறங்கும்.

12400எஃப் எடுத்தால் கவனிக்க வேண்டியது கூலர். அதன் நான்கு கால்களும் போர்டின் துளைகளில் "டக்" என்று பிடிக்க வேண்டும். மூன்று பிடித்து ஒன்று மேலெழும்பி நின்றாலும் கணினி ஓடும், கேம் தொடங்கிய சில நிமிடத்தில் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போர்டைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே மாட்டி, பின்பக்கம் திருப்பி நான்கு வெள்ளைக் கால்களும் முழுசாக வெளியே வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

ஈரத்துக்கு: பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் வைக்காமல், தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். தேர்வு மாதத்தில் மூடி வைத்து, ஜூலையில் திறக்கிற கணினிதான் கெடுகிறது. படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சி மின்சாரம் கசியும் படலமாகிறது. மூன்று பீப் சத்தம் வந்து திரை வராவிட்டால் முதலில் ரேமைக் கழற்றி, தங்கமுனைகளைப் பென்சில் அழிப்பானால் துடைத்துத் தூளை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள். பாதிக் கோளாறு அதோடு போய்விடும்.

கேள்வி: கோயம்புத்தூரில் வாங்கினால் பாலக்காட்டைவிட வரி குறைவு என்கிறார் நண்பர். உண்மையா?
— வாளையாறு வாசகர்

பதில்: அது செக்போஸ்ட் காலத்துப் பேச்சு. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டிதான். பிராசஸருக்கும் போர்டுக்கும் இந்தப் பக்கமும் 18 சதவீதம், அந்தப் பக்கமும் 18. விலையில் வித்தியாசம் இருந்தால் அது கடையின் லாபத்திலும் இருப்பிலும் உள்ளது. பில்லில்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டியையும் சேர்த்துக் குறைக்கிறார். போர்டு கெட்டால் எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள், பஸ் செலவு அங்கேதான் இருக்கிறது. இன்டெல் போர்டாக இருந்தால் சாக்கெட்டை மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அது இல்லாமல் அனுப்பினால் ஊசி வளைந்து போவதற்கும், அதைக் காட்டி வாரண்டி மறுப்பதற்கும் இடம் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: பழைய ஆபீஸ் கணினி ஒன்று, ஐ7-3770 பிராசஸரோடு, மலிவாக வருகிறது. அதே பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் ஐ3-12100எஃப் கட்டலாம். ஐ7 பெரிதா, ஐ3 பெரிதா?
— குமுளி வாசகர்

பதில்: காகிதத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்: நான்கு கோர், எட்டு த்ரெட். 3770 வந்தது 2012-இல், 12100எஃப் 2022-இல். 3 என்பது மூன்றாம் தலைமுறை, 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறை; ஐ7, ஐ3 என்ற எழுத்து அந்தந்தத் தலைமுறைக்குள் மட்டும்தான் பெரியவர் சின்னவர் சொல்லும். பத்து வருட இடைவெளியில் ஐ3 தாத்தாவை எளிதில் முந்திவிடும்.

வேகம் மட்டுமென்றால் "பரவாயில்லை" என்று விடலாம். 3770-இல் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லை. சில புதிய விளையாட்டுகள் அது இல்லாமல் திறப்பதே இல்லை. டிடிஆர்3 ரேம். விண்டோஸ் 11-இன் பட்டியலில் இன்டெலுக்கு எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதற்கும் மேலே, ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) 240 வாட் அளவில், போர்டில் செருகும் முனையே வேறு வடிவத்தில் இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. தனி மின்முனை இல்லாமல் ஸ்லாட்டிலிருந்தே ஓடும் 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்ற கார்டுகள்தான் அதற்குச் சரி, அதுவும் பெட்டி உயரம் இடம் கொடுத்தால். தம்பிக்கு மைன்கிராஃப்ட், பழைய ஜிடிஏ போதும் என்றால் வாங்குங்கள். உங்களுக்கென்றால் ஐ3.

கேள்வி: என்னிடம் ஹெச்610 போர்டில் ஐ3-12100எஃப் இருக்கிறது. பழைய ஐ9-13900கே ஒன்று பாதிக்கும் குறைந்த விலைக்கு வருகிறது. அதே சாக்கெட்தானே, மாட்டிவிடலாமா?
— செங்கோட்டை வாசகர்

பதில்: சாக்கெட்டில் உட்காரும், அதோடு சரி. 13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை கேட்கும். ஹெச்610 போர்டுகளில் பெரும்பாலானவற்றின் மின்பகுதி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மாட்டுவண்டியில் லாரி இன்ஜினைக் கட்டியது மாதிரி, சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஐ5 அளவுக்கு ஓடும்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், முக்கியமாக உயர்வகைகளில், தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் போய்ச் சில் மெல்ல மெல்லத் தேயும் கோளாறு இருந்ததை இன்டெலே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்ற மைக்ரோகோடுகள் (பிராசஸரின் உள்கட்டளைத் திருத்தங்கள்) பயாஸ் வழியாக வந்தன; பெட்டிச் சரக்குக்கு வாரண்டியும் இரண்டு வருடம் நீட்டப்பட்டது. ஆனால் மைக்ரோகோடு தேய்வதைத் தடுக்கும், தேய்ந்ததை ஆற்றாது. முன்னாள் உரிமையாளர் பயாஸைப் புதுப்பித்தாரா, எத்தனை நாள் எப்படி ஓட்டினார் என்பது பிராசஸரின் முகத்தில் எழுதியிருக்காது.

ஆசை விடவில்லை என்றால், விற்பவரின் கணினியிலேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள். என்விடியா டிரைவரை அங்கேயே நீக்கி மறுபடி நிறுவுங்கள். பெரிய கோப்பு ஒன்றை 7-ஜிப்பில் சுருக்கி விரியுங்கள். அன்ரியல் இன்ஜினில் செய்த புதிய விளையாட்டைத் திறந்து ஷேடர் தொகுப்பு முழுவதும் ஓட விடுங்கள். அப்போது கார்டில் இடம் நிறைய இருக்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழை வந்தால் கார்டைச் சந்தேகிக்காதீர்கள்; இந்தத் தேய்ந்த பிராசஸரின் பிரபலமான கையெழுத்து அதுதான்.

உங்கள் போர்டுக்கு நல்லது 12400எஃப். 12-ஆம் தலைமுறைக்கு இந்த நோய் இல்லை.

கேள்வி: கேமிங் சென்டர் தொடங்குகிறேன், எட்டுக் கணினி. சீன எக்ஸ்99 போர்டு, ஜியான் இ5-2680 வி4, 14 கோர், ரேமோடு சேர்த்து மிக மலிவாக வருகிறது. வாலரண்ட், சிஎஸ்2 தான் ஓடும். புதியது தேவையா?
— களியக்காவிளை வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு விளையாட்டும்தான் அந்தப் பிராசஸருக்குப் பகை. 14 கோரில் 10 கோர் சும்மா நிற்கும். அதிகபட்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். இவற்றுக்கு வேண்டியது ஓரிரு கோரின் பாய்ச்சல். வீடியோ கோப்பு ஏற்றுமதிக்கு அந்த ஜியான் இன்றும் பிழைத்துக்கொள்ளும், சிஎஸ்2-க்கு அல்ல.

விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0-உம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு) கேட்கும். பேட்டில்ஃபீல்ட் 6-உம் செக்யூர் பூட் இல்லாமல் உள்ளே விடாது. அந்த போர்டுகளில் டிபிஎம்-ஐக் கிளப்புவது பெரும்பாடு, பல சமயம் வழியே இல்லை. வாடிக்கையாளர் காசு கொடுத்து உட்கார்ந்த பிறகு வாலரண்டின் மோசடித் தடுப்பு மென்பொருளான வேன்கார்டின் பிழைச்செய்தி வந்தால் கடை போயிற்று.

கரண்ட் பில்லையும் போடுங்கள். ஒரு கணினிக்கு 100 வாட் கூடுதல் என்று வைத்தால், எட்டுக்கு 800 வாட். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 8 யூனிட், மாதம் 240 யூனிட். வணிக இணைப்பில் உங்கள் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள், மலிவு எத்தனை மாதத்தில் கரைகிறது என்று தெரியும்.

12400எஃப் அல்லது 5600, எட்டும் ஒரே போர்டு, ஒரே பயாஸ் பதிப்பு. ஒன்றில் செய்த அமைப்பை ஏழுக்கும் அப்படியே செய்யலாம், ஓர் எஸ்எம்பிஎஸ் உபரியாக வைத்தால் எட்டுக்கும் பொருந்தும். ஒரு டிஸ்க்கில் விண்டோஸ் போட்டு மற்றவற்றுக்கு நகல் எடுப்பீர்கள் அல்லவா? மூல டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிவு முறையில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். எம்பிஆர் என்ற பழைய முறையில் நகல் எடுத்துவிட்டு, பிறகு செக்யூர் பூட்டுக்காக சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் செய்யவிடும் பயாஸ் அமைப்பு) அணைத்தால் எட்டும் ஒரே நாளில் பூட் ஆகாமல் நிற்கும். மாட்டிக்கொண்டால் சிஎஸ்எம்-ஐத் திரும்பப் போட்டு விண்டோஸுக்குள் போய், எம்பிஆர்2ஜிபிடி கருவியில் முதலில் சரிபார்ப்பு, பிறகு மாற்றம், அதன்பின் சிஎஸ்எம் அணைப்பு என்ற வரிசையில் மீளலாம்.

600 விஏ யுபிஎஸ் என்றால் சுமார் 360 வாட். 12400எஃப்-உம் ஆர்டிஎக்ஸ் 4060-உம் கேமில் 250 வாட் அளவில் இருக்கும், மானிட்டரும் சேர்ந்தால் ஒரு கணினிக்கு ஒன்று என்பதே கணக்கு. இரண்டை ஒன்றில் மாட்டாதீர்கள். துலாமாதத்து (ஐப்பசி) சாயங்கால இடியில் கணினிகள் போவது பெரும்பாலும் மின்கம்பி வழியாக மட்டுமல்ல, மாடியிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு இழுத்த லேன் கம்பி வழியாகவும்தான். வெளியில் ஓடும் கம்பி ஃபைபராக இருக்கட்டும். செம்புக் கம்பி கட்டடத்துக்குள் மட்டும். வானம் கறுத்தால் ஸ்விட்சின் கம்பியைப் பிடுங்குவதையும் ஊழியரின் வேலைப்பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: ஏப்ரல் வெயிலில் 7600 பிராசஸர் கேமில் 85 டிகிரி காட்டுகிறது. பெட்டியில் வந்த கூலர்தான். கெட்டுவிடுமா?
— சித்தூர் வாசகர், பாலக்காடு

பதில்: கெடாது, அதன் எல்லை 95. அறையே 36-இல் இருக்கும்போது சின்னக் கூலர் இவ்வளவுதான் செய்யும். பயாஸில் ஈகோ முறையை 45 வாட்டில் வைத்துப் பாருங்கள்; கேமில் எஃப்பிஎஸ் சொற்பமே குறையும், சூடு நன்றாக இறங்கும். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் கூலர் வாங்காதீர்கள், முன்பக்கம் 120 மிமீ விசிறி ஒன்று வாங்குங்கள். தூசி வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.